அலுவலகக் கதவுக்கு எத்தனை சாவிகள்?

விபிஎன் என்றதும், வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்க்க உதவும் செயலிதான் உங்களில் பலருக்கு நினைவுக்கு வரும். அலுவலகங்களில் அதற்கு வேறு வேலை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நம் நாட்டில் நடப்புக்கு வந்தபோது, பலர் வீட்டில் இருந்தபடியே அலுவலகக் கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்த வழிகளில் ஒன்று விபிஎன் வழங்கி. அதை எப்படி அமைக்கிறார்கள், எங்கே கவனம் தவறக் கூடாது என்பதே இவ்வாரப் பாடம்.

பெட்டாலிங் ஜெயாவில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கணக்கு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊழியர் ஒருவர் கிள்ளானில் உள்ள தம் வீட்டிலிருந்து ஒரு கோப்பைத் திறக்க வேண்டும்.

முகவரிச் சிக்கல்

கோப்பு இருக்கும் கணினியின் முகவரி 192.168.50.20. வீட்டிலிருந்து இந்த எண்ணைத் தட்டினால் எதுவும் வராது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. ஓர் அஞ்சல் உறையில் ஊரையும் சாலையையும் எழுதாமல், 'மூன்றாம் மாடி, ஐந்தாம் வீடு' என்று மட்டும் எழுதினால் தபால்காரர் எங்கே போவார்? அதே கதைதான். இணையத்துக்குத் தெரிவது அலுவலக ரவுட்டரின் பொது முகவரி மட்டுமே.

அப்படியானால், கோப்புக் கணினியை நேராக இணையத்துக்குத் திறந்துவிடலாமே? விடலாம். ஆனால் உலகில் உள்ள எவரும் அதன் கதவைத் தட்டிப் பார்க்கலாம்!

உறைக்குள் உறை

விபிஎன் செய்வது எளிய காரியம். ஊழியரின் மடிக்கணினி, 192.168.50.20 என்று எழுதிய கடிதத்தை மறையாக்கம் செய்து, இன்னோர் உறைக்குள் போடுகிறது. வெளி உறையில் அலுவலகத்தின் பொது முகவரி இருக்கும். வழியில் யாராவது பார்த்தாலும் வெளி உறைதான் தெரியும். அலுவலகத்தில் உள்ள விபிஎன் வழங்கி அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதத்தை உரிய கணினிக்கு அனுப்புகிறது.

பூட்டுக்கான சாவியை இருவரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது? இணையத்தில் அனுப்பினால் திருடு போகுமே! இதற்கு விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1976இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். சிறிய எண்களைக் கொண்டு பார்ப்போம்.

ஊழியரின் இரகசிய எண் 3. வழங்கியின் இரகசிய எண் 4. இருவரும் 2ஐ அத்தனை மடி உயர்த்தி, 11ஆல் வகுத்து, மீதியை மட்டும் வெளியே சொல்கிறார்கள். ஊழியருக்கு 2³ = 8, மீதி 8. வழங்கிக்கு 2⁴ = 16, மீதி 5. இப்போது ஊழியர், தமக்கு வந்த 5ஐ 3 மடி உயர்த்துகிறார்: 125, மீதி 4. வழங்கி, தனக்கு வந்த 8ஐ 4 மடி உயர்த்துகிறது: 4096, மீதி 4. இருவருக்கும் ஒரே விடை! அந்த 4 இணையத்தில் பயணம் செய்யவே இல்லை.

உண்மையான மென்பொருள்களில் கணக்கின் வகை மாறலாம், அடிப்படை இதுதான். வயர்கார்டு என்னும் விபிஎன் மென்பொருளில் இரகசிய எண் 256 பிட் நீளம் கொண்டது.

அமைக்கும் முறை

வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலின் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதைக் கொண்டு அமைக்கும்போது செய்ய வேண்டியவை:

1. அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கணினியில் வயர்கார்டை நிறுவி, ஒரு சாவி இணையை உருவாக்குங்கள். இரகசியச் சாவி அந்தக் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

2. சுரங்கப்பாதைக்குத் தனி முகவரிகள் கொடுங்கள். வழங்கிக்கு 10.8.0.1, முதல் ஊழியருக்கு 10.8.0.2. இவை அலுவலக எண்களோடும் வீட்டு எண்களோடும் மோதக் கூடாது. அலுவலகத்துக்கு 192.168.50 வைத்ததும் அதனால்தான். பல வீட்டு ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற எண்களையே பயன்படுத்துகின்றன.

3. ரவுட்டரில் யுடிபி 51820 என்ற ஒரே வாசலைத் திறந்து, அதற்கு வருவதை வழங்கிக்குத் திருப்பிவிடுங்கள். தெரியாத சாவியோடு வருவோருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது.

4. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி கொடுத்து, அதன் பொதுச் சாவியை வழங்கியில் பதியுங்கள். தீச்சுவரில், தேவையான கணினிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

5. வழங்கி, தனக்கு வரும் கடிதங்களைப் பிற கணினிகளுக்குக் கடத்தும்படி அமைத்து, பதில் திரும்பும் வழியையும் ரவுட்டரில் எழுதுங்கள். இதை மறந்தால் கடிதம் போகும், பதில் வராது.

6. சோதிக்கும்போது அலுவலக வைஃபையில் சோதிக்காதீர்கள். திறன்பேசியின் தரவு இணைப்பில் இருந்து சோதித்தால்தான் உண்மை தெரியும்.

வேலை முடிந்ததா?

இல்லை. அமெரிக்காவின் காலனியல் பைப்லைன் நிறுவனத்தைப் பாருங்கள். டெக்சாஸிலிருந்து நியூயார்க் வரை எரிபொருள் கொண்டு செல்லும் அதன் குழாய், 2021 மே 7 அன்று நிறுத்தப்பட்டது. ஊடுருவியவர்கள் கணினிகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டார்கள். நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. அப்போது அதன் மதிப்பு ஏறக்குறைய 44 லட்சம் டாலர். தென்கிழக்கு மாநிலங்களில் பல நிலையங்களில் பெட்ரோல் தீர்ந்தது. குழாய் மீண்டும் இயங்கத் தொடங்கியது மே 12 அன்று.

அவர்கள் மறையாக்கக் கணக்கை உடைத்து உள்ளே வரவில்லை. பயன்பாட்டில் இருக்கக் கூடாத பழைய விபிஎன் கணக்கு ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. மறைச்சொல் ஒன்றே போதும். இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. அந்த வழியாக நுழைந்தார்கள்.

ஆக, பூட்டு எவ்வளவு உறுதியானது என்று கேட்பது பாதிக் கேள்வி. சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பது மீதிப் பாதி. ஊழியர் வேலையை விட்டு விலகினாலோ மடிக்கணினி தொலைந்தாலோ, அந்தச் சாவியை அன்றே வழங்கியிலிருந்து நீக்க வேண்டும். மறைச்சொல்லால் நுழையும் விபிஎன் என்றால், இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. மேலே உள்ள கணக்கில் இரகசிய எண்களை 4, 9 என்று மாற்றுங்கள். இருவருக்கும் 9 வருகிறதா?

2. உங்கள் மின்னஞ்சல் கணக்கின் அமைப்பில், எந்தெந்தச் சாதனங்கள் உள்நுழைந்துள்ளன என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். இப்போது பயன்படுத்தாத பழைய திறன்பேசி அதில் இருந்தால், இன்றே நீக்குங்கள். அதுவும் வெளியில் கிடக்கும் ஒரு சாவிதான்.