எளிமை நம்மிடமிருந்தே தொடங்குக

போர்ட் கொச்சியில் 'தோபி கானா' என்னும் சலவைத்துறை உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியதாகக் கூறப்படும் சலவைத் தொழிலாளரின் வழிவந்தோர் இங்குத் தொழில் புரிகின்றனர். 1976-இல் அமைக்கப்பட்ட தொட்டிகளில் துணிகளைக் கையால் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றினிடையே நுனியைச் செருகி வெயிலில் உலர்த்துகின்றனர்.

இதனைக் கண்டு, "எத்தகைய எளிய வாழ்வு!" என வியப்போர் உண்டு. ஆயின், பிழைப்புக்காகப் பிறர் படும் பாட்டைப் புகழ்வதால் நம் வாழ்வு எளிமையாகிவிடாது. "எனக்கு உண்மையில் வேண்டிய உடைகள் எத்தனை?" என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவுதல் வேண்டும்.

காந்தியடிகள் அவ்வாறு வினவியவர். கதராடை வாங்கவும் இயலாத ஏழைகளைக் கண்ட அவர், 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் தம் உடையை முழங்கால் அளவு வேட்டியாகக் குறைத்துக்கொண்டார். பிறர் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

தேவைக்குமேல் சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தைப் பதஞ்சலி முனிவர் ஐந்து யமங்களுள் ஒன்றாக வைத்தார். அதனை நமக்காகப் பிறர் கடைப்பிடிக்க இயலாது.

ஆகவே அன்பர்களே, இம்மாதம் ஒரு சிறு சாதனையை மேற்கொள்வோம். ஓராண்டாக உடுத்தாத நல்ல உடைகளைத் தேவைப்படுவோர்க்கு மரியாதையுடன் அளிப்போம். அன்றாடம் உடுத்தும் ஓர் உடையையேனும் நம் கையாலேயே துவைப்போம். ஓர் உடைக்குப் பின்னுள்ள உழைப்பை உணர்ந்தவர், அடுத்ததை வாங்குமுன் சற்றே சிந்திப்பார். அச்சிந்தனையே எளிய வாழ்வின் முதற்படி.