மீதி 29 பேர்

எம்.டி. மனநல மருத்துவம் சேர்ந்த முதல் வருடம். என் முதல் ஜெர்னல் கிளப்புக்கு, அதாவது ஆய்வுக் கட்டுரையை விவாதிக்கும் கூட்டத்துக்கு, 46 ஸ்லைடு போட்டு, வரிக்கு வரி வாசித்தேன். பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: "சரிப்பா, நீ என்ன நினைக்கிறே?" 47ஆவது ஸ்லைடைத் தேடினேன்.

அடுத்த முறை கிடைத்தது சென்னையில் நடந்த ஆய்வு. முதல் முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் டாக்டர் தாரா 2004இல் எழுதியது. கடைசியில் பார்க்க முடிந்தது 61 பேரை. அதில் இடைவிடாமல் நோயிலேயே இருந்தவர்கள் 5 பேர்தான்.

லீவில் பாலசமுத்திரம் வந்தபோது, திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

"மிச்சம் 29 பேரு?"

"லாஸ்ட் டு ஃபாலோஅப்."

"அப்படின்னா?"

"வரலைம்மா. சிலர் செத்துட்டாங்க, சிலரைப் பார்க்க முடியலை."

"நல்லாயிட்டு வராதவனும் இருப்பான், ரோட்டுல திரியறதால வராதவனும் இருப்பான். ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டிட்டியா?"

பழநி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தவள். திரிகிறவர்களைத் தினமும் பார்த்தவள். இறந்தவர்களைப் பற்றிய விவரம் கட்டுரையிலேயே இருந்தது. சரியாகப் படிக்காமல் தாண்டிப் போனது நான்தான்.

அந்த வாரம் 9 ஸ்லைடுதான். அம்மாவின் கேள்வியை மட்டும் போர்டில் எழுதினேன். முக்கால் மணி நேரம் சண்டை.

இப்போது ஜூனியர்களிடம் சொல்வது: கட்டுரைச் சுருக்கத்தைக் கடைசியில் படியுங்கள். யாரைச் சேர்த்தார்கள், யார் நடுவில் விட்டுப் போனார்கள் என்பதை முதலில் பாருங்கள். புள்ளியியல் பிறகு வரும். ஓபியில் உங்களைத் திணற வைத்த நோயாளி ஒருவரை மனதில் வைத்துக் கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். யாரும் தூங்க மாட்டார்கள். அதற்கு முன் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே ஆங்கிலத்துக்குத் தாவுகிறதோ, அங்கே உங்களுக்கே புரியவில்லை.

1875இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஆஸ்லர் இப்படி ஒரு கிளப் தொடங்கியது, தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத இதழ்களைச் சேர்ந்து வாங்கத்தான். நமக்கு பிடிஎஃப் போனிலேயே வந்துவிடுகிறது, திறப்பதுதான் இல்லை. கட்டுரையை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், முதல் கேள்வி முதலாமாண்டு மாணவருடையது என்று வையுங்கள். சீனியர் வாயைத் திறந்த பிறகு அவர்கள் பேசவே மாட்டார்கள்.

டீயும் வடையும் கடைசியில்தான். முதலிலேயே கொடுத்தால் பாதி அறை காலி.