வெப்ப வாதம்: முதலில் குளிர வையுங்கள்

திருவாதவூர், மேலூர் பக்கம் சித்திரை வெயிலில் கட்டட வேலை, வயல் வேலை, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வெயிலில் தலைசுற்றல், தசைப்பிடிப்பு, வாந்தி வந்தால் நிழலில் படுக்கவைத்து ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்; பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அதை ஹீட் ஸ்ட்ரோக் எனும் வெப்ப வாதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நிலை இது. கை கால் இழுக்கும் வாதம் வேறு.

“வியர்க்கிறதே, பயமில்லை” என்பார்கள். அது தவறு. உழைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கலாம். பெயரையும் ஊரையும் கேளுங்கள். பதில் குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

வண்டி வரட்டும் என்று சும்மா நிற்காதீர்கள். மேலூர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரத்துக்குள் மூளையும் சிறுநீரகமும் கெட்டுவிடலாம். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்க வேண்டும். ஹாஜிகளுக்காக உருவான மக்கா குளிர்விப்புப் படுக்கை பற்றி 1980-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயாளியை வலைமேல் கிடத்தி, நீரைத் தூவி, காற்றைச் செலுத்துவார்கள். ஈரம் ஆவியாகும்போது சூடு இறங்கும். நமக்குக் குடமும் துண்டும் விசிறியும் போதும். சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். பம்புசெட் தொட்டி பக்கத்தில் இருந்தால் கழுத்தளவு இறக்கலாம். தலையை ஒருவர் தாங்கிப் பிடித்தே இருக்க வேண்டும்.

நினைவு தெளியாதவர் வாயில் சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

நோன்பாளிக்குத் தலைசுற்றி உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு. மயங்கும்வரை இழுக்க வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வந்தவருக்கே ஆபத்து அதிகம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாட்களில் பாதி வேலை கொடுங்கள். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. நம் மேஸ்திரிகளும் அந்த மூன்று மணி நேரத்தை விடலாமே.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலையில் விழுந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.