இமை மடிப்பை நாடுவோருக்குச் சில வார்த்தைகள்

சிங்கப்பூரில் கண் அறுவைச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள் என்ற முறையில், கண்கள் சற்றுப் பெரிதாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையோடு வந்த சீனப் பெண்களையும், பரீட்சை முடிந்த கையோடு மகளை அழைத்து வந்த தாய்மார்களையும், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சத்தோடு வந்த ஆடவர்களையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த ஆசையைப் பரிகசிக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. ஆனால் அனுபவம் கற்பித்த பாடம் ஒன்று உண்டு: "எந்த முறை சிறந்தது, மிஸ்ஸி?" என்று கேட்டவர்களைக் காட்டிலும், "என் கண் எதனால் சிறிதாகத் தெரிகிறது?" என்று கேட்டவர்களே பெரும்பாலும் திருப்தியோடு வீடு திரும்பினார்கள்.

கிழக்காசிய மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மேலிமையில் மடிப்பு இருப்பதில்லை. மடிப்புள்ள இமையில், இமையைத் தூக்கும் தசையிலிருந்து வரும் நுண்ணிய நார்கள் தோலோடு பிணைந்திருப்பதால், கண் திறக்கும்போது தோல் உள்வாங்கி மடிகிறது. மடிப்பற்ற இமையிலோ அந்தப் பிணைப்பு பலமாக இல்லை, கொழுப்பும் இமை விளிம்பை நோக்கிச் சற்று இறங்கி நிற்கிறது. இது வியாதியன்று, தேக அமைப்பின் ஒரு வகையே. ஆயினும் சிலருடைய கண் சிறுத்துத் தெரிவதற்குக் காரணம் மடிப்பின்மை அல்ல. தூக்கும் தசை பலவீனமாக இருப்பதால் இமை தொய்ந்து கருவிழியின் மேற்பகுதியை மறைப்பதுதான். வேறு சிலருக்கு, மூக்கோரத்தில் கண்ணின் உள்முனையை ஒரு தோல் திரை மூடியிருக்கும். வயதானவர்களுக்கோ தளர்ந்த தோலே பாரமாக விழுந்திருக்கும்.

கண்ணாடி முன் நின்று, கண்ணை மூடி, புருவத்தை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு மெல்லத் திறந்து பாருங்கள். திறப்பதற்குச் சிரமமாக இருந்தால், இதுவரை நெற்றியின் உதவியால்தான் பார்த்து வந்தீர்களோ என்று சந்தேகித்து, அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். தொய்வைக் கவனியாமல் மடிப்பை மட்டும் அமைத்தால், மடிப்பு இருக்கும், உறக்கக் களையும் இருக்கும்.

காரணம் நிர்ணயமான பிறகே முறை. 1896ஆம் ஆண்டில் ஜப்பானிய வைத்தியர் மிகாமோ வெளியிட்ட தையல் முறையின் வழிவந்ததே, இன்று கத்தியால் கீறாமல் இமைக்குள் நூலைப் புதைத்து மடிப்பு உண்டாக்கும் சிகிச்சை. மெல்லிய தோலும் குறைந்த கொழுப்பும் உடைய இளம் வயதினருக்கு இது பொருந்தும், வீக்கமும் சீக்கிரம் வடியும், ஆனால் காலப்போக்கில் மடிப்பு தளர்ந்துவிடக் கூடும். தோல் தடித்தவர்களுக்கும், மிகைத் தோலையும் கொழுப்பையும் அகற்ற வேண்டியவர்களுக்கும் கீறல் முறையே தக்கது. அது நிலைத்து நிற்கும், ஆனால் பிசகினால் மீட்பது எளிதன்று. தொய்வு இருந்தால் தசையைச் சீர்செய்யும் சிகிச்சையும் உடன் வேண்டும். உள்முனையைத் திறக்கும் அறுவையில் மட்டும் இரட்டிப்பு நிதானம் அவசியம். ஏனெனில் மடிப்புக்குள் மறைந்துகொள்ளும் தழும்பைப் போலன்றி, மூக்கோரத்துத் தழும்பு வெளியே தெரியும்.

மடிப்பின் உயரத்தைப் பற்றித்தான் மனஸ்தாபங்கள் மிகுதி. இமை ரோமங்களுக்கு மேல் 6 முதல் 8 மில்லிமீட்டர் உயரத்தில் அமைவது ஆசிய முகத்துக்கு இயல்பாகப் பொருந்தும். சினிமா நடிகையின் படத்தைக் காட்டி இன்னும் உயரமாகக் கேட்பவர்கள், தாழ்ந்த மடிப்பைப் பிற்பாடு உயர்த்துவதைவிட உயர்ந்ததைத் தாழ்த்துவது மிகக் கடினம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நடிகையின் படத்துக்குப் பதில் உங்களுடைய பழைய புகைப்படங்களை எடுத்துச் செல்லுங்கள். தொய்வு பிறவியிலேயே உள்ளதா, பின்னர் வந்ததா என்பதை அவை சொல்லும்.

இதே சிகிச்சைக்காகச் சென்ற சீனத் தோழி ஒருத்திக்குத் துணையாகச் சியோல் நகரின் கங்னம் வட்டாரத்துக்குப் போனபோது, அங்கே முதலில் உட்காரவைத்துப் பேசுபவர் வைத்தியர் அல்லர், விலையும் சலுகையும் கூறும் ஆலோசகர் என்பதைக் கண்டேன். ஆகையால், கத்தியைப் பிடிக்கப்போகிறவரையே நேரில் காண வேண்டும் என்று வற்புறுத்துங்கள். கொரியாவில் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் நடத்தும் சிகிச்சையகமே அத்துறையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அதைச் சிகிச்சை வகை என்று தனியேதான் குறிக்க முடியும். பேசிய வைத்தியர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்ற அவலங்களும் நிகழ்ந்ததால், நோயாளி நினைவிழந்த நிலையில் அறுவை நடக்கும் அறைகளில் கேமரா பொருத்த வேண்டும் என்ற சட்டம் அங்கே 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. கோரினால் பதிவு செய்வார்கள்.

அறுவைக்கு முன், ஆஸ்பிரின், மீன் எண்ணெய், ஜின்செங் எது சாப்பிட்டாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் வறட்சியும் தைராய்டு கோளாறும் முக்கியமான தகவல்கள். அறுவையின் நடுவே எழுந்து உட்காரச் சொல்லிக் கண்ணைத் திறந்து மூடச் சொன்னால் கலவரப்பட வேண்டாம். இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அது. கீறல் முறையில் 5 முதல் 7 நாட்களில் தையல் பிரிப்பார்கள். வீக்கத்தினால் மடிப்பு அப்போது அளவுக்கு மீறி உயர்ந்து தெரியும். உண்மையான உருவம் வர மாதங்கள் ஆகும். திருத்த அறுவைக்குக் குறைந்தது 6 மாதமாவது பொறுக்க வேண்டும். ஆனால் கடும் வலியோ, கண் பிதுங்குவதோ, பார்வை மங்குவதோ நேர்ந்தால் ஒரு நாழிகையும் பொறுக்கலாகாது. அப்போதே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

என் கண் எதனால் சிறிதாகத் தெரிகிறது என்ற ஒரே கேள்வியை ஒருவரையொருவர் அறியாத இரண்டு வைத்தியர்களிடம் கேளுங்கள். காரணத்தில் இருவரும் ஒத்துப்போனால் துணிந்து முறையைத் தேர்ந்தெடுக்கலாம். காரணத்திலேயே அவர்கள் வேறுபட்டால், முன்பணம் கட்டுவதை ஒத்திவைத்து, மூன்றாமவரிடம் போவதே விவேகம்.