ஆர்.எக்ஸ்.100-ல் 135 இன்ஜின்: வழக்கு யார் மேல் வரும்?

கேள்வி: என்னிடம் 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ்.100 இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில். வண்டி புகை தள்ளுகிறது, இழுவையே இல்லை. மெக்கானிக் அண்ணன், “இதைப் போட்டு எதுக்குத் தம்பி நோண்டணும்? ஆர்.எக்ஸ்.135 இன்ஜின் ஒண்ணு கைவசம் இருக்கு, ஏத்திடலாம். பயமா இருந்தா பிளாக்கை மட்டும் மாத்துவோம். இன்ஜின் நம்பர் அப்படியே இருக்கும், ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது” என்கிறார். அடுத்த ஆண்டு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். முறைப்படி 135 என்று பதிந்துகொள்ள முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு இதற்கு இடம் தரவில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. சி.சி. அந்த விவரங்களில் ஒன்று. ‘விதிகளில் தடை இல்லையே’ என்ற வாதத்தைக் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விதிகளைவிடச் சட்டமே மேல் என்று சொல்லிவிட்டது.

ஒரு வேடிக்கை. இதே வண்டியில் அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தி பேட்டரி வண்டியாக மாற்ற அதே 52-வது பிரிவு வழி விடுகிறது. கூடுதலாக 34 சி.சி. கேட்டால் விடுவதில்லை! காரணம் இல்லாமல் இல்லை. இன்ஜின், பிரேக், சேஸ் எல்லாம் சேர்ந்த முழு மாடலாகத்தான் ஒரு வண்டி சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெறுகிறது. நீங்கள் இன்ஜினை மட்டும் பெரிதாக்கினால் அந்தப் பழைய டிரம் பிரேக்கே அதையும் நிறுத்தியாக வேண்டும்.

இனி பிளாக் யோசனைக்கு வருவோம். இரண்டு வண்டிக்கும் ஸ்ட்ரோக் 50 மி.மீ.தான். போர் மட்டும் 100-ல் 50, 135-ல் 58. அதனால்தான் உங்கள் மெக்கானிக்குக் கை அரிக்கிறது. நம்பர் கிராங்க் கேஸில் இருப்பதால், புதுப்பிக்கும்போது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு ஆர்.சி.யோடு பொருந்தவும் கூடும். ஆனால் சட்டம் நம்பரோடு நிற்கவில்லை. 98 சி.சி. என்று பதிவான வண்டி 132 சி.சி.யில் ஓடினால் அது மாறுபாடுதான். மாட்டாமல் இருப்பது வேறு, சட்டப்படி இருப்பது வேறு. விபத்து என்று வந்துவிட்டால் வண்டி ஸ்டேஷன் வாசலுக்குப் போகும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஆர்.எக்ஸ். இன்ஜினைப் பார்த்தே சி.சி. சொல்பவர்கள் நம் ஊரில் ஏராளம்.

தண்டனை 182-ஏ(4) பிரிவில் இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்த உட்பிரிவு பிடிப்பது உரிமையாளரை. உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். ஓட்டியது நீங்கள், ஸ்பேனர் பிடித்தது மெக்கானிக், நோட்டீஸ் போவதோ அப்பாவுக்கு.

இன்சூரன்ஸில் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை கொஞ்சம் சாதகம். 75-க்கு மேல் 150 சி.சி. வரை மூன்றாம் நபர் பிரீமியம் ஒரே அடுக்கு, 2022 ஜூன் கட்டணப்படி 714 ரூபாய். ஆகவே கம்பெனிக்குப் பிரீமிய இழப்பில்லை என்று தீர்ப்பாயத்தில் நான் வாதாடுவேன். அதற்காக வெற்றிக்கு உத்தரவாதம் தரமாட்டேன். முக்கிய விவரத்தை மறைத்துவிட்டார்கள் என்று கம்பெனி நிரூபித்தால், அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அதை அப்பாவிடம் வசூலிக்க உத்தரவு கேட்கும். புல்லட் 350-ல் 500 இன்ஜின் ஏற்றுகிறவர்களுக்கு இந்த வாதமும் கிடையாது. அங்கே பிரீமிய அடுக்கே மாறிவிடுகிறது.

பழைய இன்ஜின் எதுவானாலும் பில் இல்லாமல் தொடாதீர்கள். அந்த நம்பர் ஏதோ ஒரு திருட்டு வழக்கில் இருந்து, தெரிந்தே வாங்கினீர்கள் என்று ஆகிவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை.

உங்களுக்கு வேண்டியது இழுவைதானே? இருக்கும் பிளாக்கை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள். என் பார்வையில் அது பழுதுபார்ப்பு, மாற்றம் அல்ல. கிராங்க் கேஸே உடைந்துபோயிருந்தால் அதே மாடல் ஆர்.எக்ஸ்.100 இன்ஜினைப் பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி பெற்று மாற்றுங்கள். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்துப் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் அப்பா. மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள்.