ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

ஒரகடம் சிப்காட்டில் கான்ட்ராக்டில் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே பி.எஃப். எண்ணான யுஏஎன் பற்றி உத்தரவு வந்துவிடும்: "யுஏஎன் ஆக்டிவேட் பண்ணி பிரிண்ட் எடுத்துட்டு வா." 2016ல் எனக்கும் வந்தது. கம்பெனிக்குள் கேமரா போன் கூடாது என்பதால் என் போன் ரூமில் கிடந்தது. கூட்டுரோட்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டர்காரர், "பரவால்ல தம்பி, என் நம்பரையே போட்டுடறேன்" என்றார். பாஸ்வேர்டையும் அவரே வைத்தார். ஜிமெயில் ஒன்று திறந்து, அதற்கும் தன் நம்பரையே கொடுத்தார். காசை வாங்கிக்கொண்டு பிரிண்டை நீட்டினார்.

வருஷங்கள் கழித்து அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது பி.எஃப். அட்வான்ஸ் போட உட்கார்ந்தேன். மாதாமாதம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்த பணம், என் பணம். வைத்தியச் செலவுக்கு எடுக்க இத்தனை வருஷ சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது இல்லை. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் ஓடிபி சென்டர்காரர் நம்பருக்குப் போகிறது. சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. நம்பரைக் கூப்பிட்டால் இந்தி பேசும் ஒரு பெண் எடுத்தார். ப்ரீபெய்டு சிம் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் அதை நிறுத்திவிடலாம்; பிறகு அந்த எண் வேறு ஆளுக்குப் போய்விடும். இதுவும் அப்படிப் போயிருந்தது.

ரூமில் இருந்த ஒடிசா தம்பியைப் பேசச் சொன்னேன். அவன் 'தீதி, தீதி' என்று பணிவாக எல்லாம் விளக்கி, உங்கள் போனுக்கு வரும் ஆறு எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டான். அவர் நன்றாகத் திட்டிவிட்டு வைத்துவிட்டார். யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதே என்று வங்கிகள் தலைபாடாக அடித்துக்கொள்கின்றன. அந்த அம்மா அதைக் கேட்டு நடந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

ஆதாரைக் காட்டி நம்பரை மாற்ற இன்னொரு வழி உண்டு. அதற்குப் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும். கான்ட்ராக்டர் ஆபீசில் என் பிறந்த வருஷத்தையே தப்பாக ஏற்றியிருந்தார்கள். திருத்த அவர்கள் கையெழுத்து வேண்டும். அவர்களோ இடத்தை மாற்றிப் போயிருந்தார்கள். ஆபரேஷனுக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கினோம். என் பணம் என் கைக்கு வந்தபோது அதில் பெரும்பகுதி அந்த வட்டிக்கே போனது.

2017 அக்டோபர் 1க்குப் பிறகு யுஏஎன் வாங்கி ஆதாரோடு சரிபார்த்தவர்கள், 2025 ஜனவரி முதல் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தாங்களே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். என்னுடையது அதற்கு முந்தையது.

அதனால் இந்த வார லீவில் முதல் வேலையாக யுஏஎன்னில் பதிவான எண்ணிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுங்கள். கேஒய்சி முடிந்திருந்தால் பி.எஃப். விவரம் எஸ்எம்எஸ்ஸில் வரும், காசு கிடையாது. எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் பதிவில் என்ன எண் இருக்கிறது என்று உடனே விசாரியுங்கள். பணம் தேவைப்படும் நாளில் விசாரிக்க நேரம் இருக்காது. ஆதாரில் உள்ள எண் பழசு என்றால் ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மாற்றிவிடுங்கள்.

ஜிமெயிலில் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து, ரெக்கவரி எண் யாருடையது, எந்தெந்தக் கருவியில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் அங்கிருந்தே சைன் அவுட் கொடுத்துப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்ப்பதும் இதே வேலைதான்.

பிரவுசிங் சென்டரில் ஆதார் பிடிஎஃப் இறக்கினால் பிரிண்ட் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். அதன் பாஸ்வேர்ட் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். உங்களைத் தெரிந்த யாரும் திறக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய் ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி அழியுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். பணம் ஏமாந்து போனால் யோசிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

நான் இப்போது ஒரு பட்டன் போனில் தனி சிம் போட்டு, வங்கி, ஆதார், பி.எஃப். மூன்றுக்கும் அந்த எண்ணையே கொடுத்திருக்கிறேன். ஆஃபருக்காக நம்பரை மாற்றுவதில்லை. எதற்கு வெட்டியாக இன்னொரு ரீசார்ஜ் என்று மச்சான் கேட்கிறார். அஞ்சு வட்டி கட்டியவனுக்கு அது வெட்டிச் செலவு அல்ல.

சென்டர் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பையனிடம் போன் இல்லையென்றால், ரூமுக்குப் போய் எடுத்துவரச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் அவசரப்படுத்துகிறார் என்று சொன்னாலும் உங்கள் நம்பரைப் போடாதீர்கள்.