தெருவின் பயனும் குடிமக்கள் கடமையும்

ஆரணியைச் சூழ்ந்த முள்ளிப்பட்டு முதலிய நெசவூர்களிலே வைகறைப் பொழுதில் தெருவழியே செல்வோர் ஓர் இனிய காட்சியைக் காண்பர். வீதியின் நீளத்திற்குப் பட்டுப் பாவு நீட்டப்பெற்றிருக்கும். ஆடவரும் பெண்டிரும் இருமருங்கும் நின்று, அறுந்த இழைகளை முடிந்தும், சிக்கெடுத்தும், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விரைவர். பள்ளி செல்லும் சிறார் பாவின் ஓரமாய் ஒதுங்கிச் செல்வர். சைக்கிளில் வருவோர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவர். தெரு அவர்க்கு வழியுமாம், தொழிற்களமுமாம், கூடிப் பேசும் இடமுமாம். இங்ஙனம் பல பயன் தரும் தெருவை, வண்டிகள் விரைந்தோடுவதற்கு மட்டுமே உரியதெனக் கருதி, அதனை மேன்மேலும் அகலப்படுத்துவதே ஊரின் முன்னேற்றம் என்று கொள்ளும் கொள்கை இக்காலத்தே எங்கும் பரவியுள்ளது. அக்கொள்கை பொருந்துவதா என்பதையும், பொருந்தாதாயின் குடிமக்கள் தங்கள் ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் எதனை, எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண், வழி என்பது எதன்பொருட்டு அமைந்தது என்று வினவுவோம். மக்கள் ஓரிடத்தினின்றும் மற்றோரிடம் சேர்தற்பொருட்டு என்பதே விடை. வண்டி அதற்கு ஒரு கருவியே அன்றி, அதுவே பயன் அன்று. 2006ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரவுக் கொள்கையும், வண்டிகளை நகர்த்துவது நோக்கமன்று, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்னும் கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. இதனைக் கணக்கால் விளக்குவதும் எளிது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தின் வழியே ஒரு மணி நேரத்தில் மோட்டார்க் காரிற் செல்வோர் சுமார் 2,000 பேர். பஸ்ஸிற் செல்வோர் சுமார் 9,000 பேர். சைக்கிளிற் செல்வோர் சுமார் 14,000 பேர். நடந்து செல்வோர் சுமார் 19,000 பேர் எனப் போக்குவரவு நூலோர் மதிப்பிடுவர். ஆகவே, அகலம் குறைந்த தெருவில் மிகுதியான மக்கள் செல்லவேண்டுமாயின், காருக்கு இடம் கூட்டுவது கடைசியாகச் செய்யத்தக்க செயலேயாம்.

இனி, சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீருமென்பார் கூற்றைப் பார்ப்போம். பார்வைக்கு இது மறுக்கவொண்ணாததாகத் தோன்றும். ஆயின் அனுபவம் வேறு கூறுகின்றது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் என்பார், நகரத்து விரைவுச் சாலைகள் அகலமாக அகலமாக அவற்றை நிரப்பும் வண்டிகளும் பெருகும் என்று 1962ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பந்தியில் இலை கூடினால் விருந்தினரும் கூடுவர் அன்றோ? முன்பு பஸ்ஸிற் சென்றவர் கார் வாங்குவர். முன்பு வேறு நேரத்திற் சென்றவர் நெரிசல் நேரத்திலேயே புறப்படுவர். ஊருக்கு வெகு தொலைவில் வீடு கட்டிக்கொள்வாரும் மிகுவர். சில ஆண்டுகளில் சாலை முன்போலவே அடைபட்டு நிற்கும். அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலையை ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில், சில இடங்களில் 26 தடங்கள் அமையும் அளவிற்கு விரித்து, 2008ஆம் ஆண்டில் அப்பணியை முடித்தனர். ஆயினும் 2011க்கும் 2014க்கும் இடையே அச்சாலையில் மாலைப்பொழுதிற் பயணம் செய்ய ஆகும் நேரம் ஏறத்தாழ 55 விழுக்காடு கூடிற்று. பொருளும் நிலமும் போயின; நெரிசல் போகவில்லை.

இஃது வெறும் நேரக் கணக்கும் அன்று. உயிர்க் கணக்கும் இதனுள் அடங்கும். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிர் துறந்தனர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அன்னவர் யாவர்? காலையில் கூலிக்குச் செல்வோர், பள்ளிச் சிறார், முதியோர், பஸ்ஸை விட்டிறங்கிச் சாலையைக் கடப்போர் ஆகியோரே பெரும்பாலார் அல்லரோ? சாலை விரியும்போது முதலில் மறைவது நடைபாதை. அடுத்து வீழ்வது நிழல்தரு மரம். அதன்பின் குறுகுவது வீட்டுத் திண்ணை. வண்டியில்லாதானுடைய பங்கை எடுத்து வண்டியுள்ளானுக்கு அளிப்பது நீதியாகுமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவை மேல்நாட்டுக் குடிமக்களும் எழுப்பியுள்ளனர். இன்று சைக்கிளுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாடு, இரண்டாம் உலகப்போருக்குப் பின் மோட்டாருக்கென்றே தெருக்களைத் திருத்திக்கொண்டிருந்தது. 1971ஆம் ஆண்டில் அச்சிறிய நாட்டிற் சாலை விபத்துக்களில் மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் திரண்டு, குழந்தைக் கொலையை நிறுத்துக என்னும் முழக்கத்தையே தங்கள் இயக்கத்தின் பெயராகக் கொண்டு தெருவிலிறங்கினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் முடையும் அவர்க்குத் துணையாயிற்று. அதன் பின்னரே அந்நாட்டு நகரசபைகள் சைக்கிள் வழிகளை முறையாக அமைக்கலாயின. நாம் அந்நாட்டின் இயல்பு என்று எண்ணி வியப்பது, குடிமக்கள் கேட்டுப் பெற்றதேயாம்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்ததொன்றையும் காண்போம். நம் தறிகளுக்குக் கருநாடக நாட்டுப் பட்டு நூல் வருவது நெடுங்கால வழக்கமாதலின், பெங்களூர் நமக்கு அயலூர் அன்று. அந்நகரில் பசவேசுவரர் வட்டத்தினின்றும் ஹெப்பாளம் வரை, ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் நீளமுள்ள எஃகு மேம்பாலம் ஒன்றை, ரூ. 1,791 கோடி செலவில் அமைக்க 2016ஆம் ஆண்டில் அரசு முற்பட்டது. அதற்கென 812 மரங்கள் வெட்டப்படும் என்பதும் வெளியாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, ஆயிரக்கணக்கான நகரமாந்தர் அவ்வழியின் ஓரத்தே கைகோத்து நின்றனர். எஃகுப் பாலம் வேண்டாம் என்பது அவர்தம் முழக்கம். வேண்டாம் என்பதோடு அவர் நின்றாரில்லை. அப்பணத்தைப் பஸ்ஸிற்கும் புறநகர் ரயிலுக்கும் செலவிடுக என்று மாற்றும் கூறினர். திட்டத்தின் ஆவணங்களைக் கேட்டனர், மரங்களை எண்ணினர், வழக்கும் தொடுத்தனர். அம்மாத இறுதியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் அரசே அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பல்லாண்டுகளாக மக்கள் வேண்டிவந்த புறநகர் ரயிலுக்கு, 148 கிலோமீட்டர் நீளத்திற்கு, 2020இல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்து, 2022இல் அடிக்கல்லும் நாட்டப்பெற்றது.

ஆயினும் அவ்வெற்றி முடிந்த முடிபன்று. ரயில் வேலை மெல்லவே நடக்க, அதே ஹெப்பாளத்தினின்றும் சில்க் போர்டு வரை நீண்டதொரு சுரங்கச் சாலைத் திட்டம் முன்வைக்கப்பட்டு, அந்நகர மக்கள் மீண்டும் எதிர்ப்புரை கூறவேண்டியதாயிற்று. ஒருமுறை கேட்டுவிட்டு உறங்குதல் குடிமக்களுக்குத் தகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் தமிழ்நாட்டிலும் நற்குறிகள் இல்லாமற் போகவில்லை. 2014ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, நடப்போரையும் சைக்கிளிற் செல்வோரையும் முன்னிறுத்தும் மோட்டாரில்லாப் போக்குவரவுக் கொள்கையை ஏற்றது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தியாகராய நகரத்துப் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பெற்றது. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் நடைபெற்று வருகின்றது. தறிவேலைக்கும் பள்ளிக்கும் செல்லும் எளிய குடும்பத்துப் பெண்டிருக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைக் கூறவேண்டுவதில்லை. அகன்ற சாலை செய்யவியலாததை ஓர் எளிய பஸ் செய்துவிட்டது.

இங்குச் சிலர், “சாலையே வேண்டா என்கின்றீரோ? நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழி வேண்டாவோ?” என்று தடை நிகழ்த்துவர். தடை தகுதியுடையதே. சாலையே காணாத சிற்றூருக்குச் சாலை அமைத்தல் அறம். குழியும் மேடுமாய்க் கிடப்பதைச் செப்பனிடுதலும் கடமை. நாம் மறுப்பது சாலையை அன்று. ஏற்கெனவே உள்ள சாலையை, நடப்போரையும் மரத்தையும் வீட்டையும் விலக்கி விலக்கி, முடிவின்றி விரிப்பதையேயாம். நோயாளியின் வண்டியை மறிப்பன பெரும்பாலும் ஒருவர் ஒருவராய்ச் செல்லும் கார்களே. அவற்றுள் ஒரு பகுதி பஸ்ஸாக மாறினும் அவ்வண்டிக்கு வழி தானே பிறக்கும்.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். ஆரணி நகரத்தில் ரயில் நிலையம் இல்லை. ஆரணி ரோடு என்னும் பெயருடைய நிலையம் களம்பூரில் உள்ளது. விழுப்புரம் காட்பாடி இருப்புப்பாதையைச் சார்ந்த அதனை அடையச் சாலைவழியே பத்துக் கிலோமீட்டருக்கு மேற் செல்லல் வேண்டும். திண்டிவனத்தினின்றும் ஆரணி வழியாக நகரிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்க 2006-07ஆம் ஆண்டில் ஒப்புதல் வழங்கப்பெற்றது. அது முழுமையுறாமலே ஆண்டுகள் பல கழிந்தன. பட்டுப்புடவை மூட்டையோடு வெளியூர் செல்லும் நெசவாளியும், கல்லூரிக்குச் செல்லும் மாணவனும் சாலையையே நம்பியிருத்தற்கு இஃதொரு காரணம். ஆதலின், நாம் கேட்கத்தக்கது அகன்ற சாலை அன்று. முடிவுறும் இருப்புப்பாதையும், களம்பூர் ரயில் வரும் நேரத்திற்கு ஒத்துச் செல்லும் பஸ்ஸும், நடப்பதற்கேற்ற ஓரமும் ஆகும்.

இவற்றை யாரிடம் கேட்பது? 1992ஆம் ஆண்டின் 73ஆம், 74ஆம் அரசியற்சட்டத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய பொறுப்புக்களை வரிசைப்படுத்துகின்றன. சாலைகளும் பாலங்களும் இரண்டு பட்டியல்களிலும் உள்ளன. ஊர்த்தெரு ஊராட்சியைச் சார்ந்தது. நகரத்தெரு நகராட்சியைச் சார்ந்தது. பெருஞ்சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையையோ மத்திய அரசையோ சார்ந்திருக்கும். மனுவை எழுதுமுன் வழி யாருடையது என்று அறிதல் முதற்படி. அடுத்தது கிராம சபை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறுமுறை அது கூடுகின்றது. வாக்குரிமையுள்ள எவரும் அதில் எழுந்து பேசலாம், தீர்மானம் கொணரலாம்.

வெறும் முறையீட்டைவிடக் கணக்கோடு கூடிய முறையீடே வலியது. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாணவர் நால்வர் காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை ஒரு முச்சந்தியில் நிற்க. ஒருவர் நடப்போரை எண்ணுக. ஒருவர் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் எண்ணுக. ஒருவர் பஸ்ஸையும் அதிலுள்ளாரையும் மதிப்பிடுக. ஒருவர் காரையும் அதிலுள்ளாரையும் எண்ணுக. வண்டியை அன்று, மனிதரை எண்ணுதலே இதன் உயிர்நிலை. பின்னர்த் தெருவின் அகலத்தை அளந்து, அதில் யாருக்கு எத்துணை இடம் உள்ளதென்று குறிக்க. மிகுதியான மக்களுக்கு மிகக் குறைந்த இடமே கிடைத்திருப்பது பல ஊர்களிலும் புலனாகும். அக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் கிராம சபையின் முன் வைப்பின், அதனை எளிதில் ஒதுக்கிவிட எவராலும் இயலாது.

மாணவ அன்பர்காள்! கல்வியின் பயன் தேர்வோடு முடிவதன்று. நம்மை வளர்த்த தெருவின் கணக்கை நாமே எழுதி, உரியோர்முன் பணிவோடும் உறுதியோடும் வைக்க அறிதலும் கல்வியே. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி அதனைக் கண்டவுடன் முடிகின்றான். முடியாது விடின் சேலை முழுதும் குறைபடும் என்பதை அவன் அறிவான். நடந்து செல்லும் எளியோனுடைய வழியும் ஊர் என்னும் ஆடையில் அத்தகையதோர் இழையே. அஃது அறுந்து கிடப்பதைக் கண்டும் காணாதவராய் நாம் கடந்து போகாதிருப்போமாக.